மேட்டு வயல் பட்டைமூஞ்சிகள்

ஹயர் க்ளீவ் பண்ணை, டெவன், இங்கிலாந்து
13 பிப்ரவரி 2018

அன்புள்ள தம்பி ஹெட்லிக்கு,

நானும் என் பசுக்களும் நலம். மழைதான் விட்டபாடில்லை, தொழுவத்து வாசலில் முழங்கால் ஆழத்துக்குச் சேறு. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? லினெட் தைலம் தேய்த்து விடுகிறாளா, அல்லது பெண்டாட்டி பேச்சைக் கேட்காமல் ட்ராக்டரில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாயா?

இனிமேல் நமக்குள் போன் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீ கத்தினாய், நானும் கத்தினேன், கடைசியில் போனை யார் முதலில் வைத்தது என்பதே இன்னொரு சண்டையாகிவிட்டது. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை உன்னால் குறுக்கே பேச முடியாது. பால் வண்டி டெனிஸ் என் பண்ணையில் பால் ஏற்றிக்கொண்டு நேராக ஓடைக்கு அந்தப் பக்கம் உன்னிடம்தானே வருகிறான்? அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். "அக்காவும் தம்பியும் கூப்பிடு தூரத்துல இருந்துக்கிட்டு லெட்டரா எழுதுறீங்க?" என்று சிரிக்கிறான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பேட்ஜர் என்கிற வளைக்கரடிதான் மாட்டுக்கு டி.பி. கொடுக்கிறது என்று சொல்லி, அதைச் சுடப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்த உங்கள் கம்பெனியின் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். என் மேட்டு வயல் வேலிக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருக்கும், முகத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட அந்த வளைக்கரடிகளைச் சுட, துப்பாக்கியோடு எவனும் என் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பதினோரு வருடமாக என் மாடுகள் ஒவ்வொரு டி.பி. பரிசோதனையிலும் தேறியிருக்கின்றன. அப்படியென்றால் என் பட்டைமூஞ்சிகளுக்கு நோய் இல்லை என்றுதானே அர்த்தம்? அதுகள் அந்த இடத்தில் குடியிருக்கிறவரை வெளியூர்க் கரடி எதையும் அண்டவிடாது. சுட்டுவிட்டால் காலி வளைக்கு நோய் பிடித்த எதுவோ ஒன்று வந்து குடியேறும். என் வாசல் காவலாளியை நானே ஏன் சுட வேண்டும்?

உன் மேல் அன்புள்ள, ஆனால் இந்த விஷயத்தில் அசையாத,
அக்கா தெர்சா

பார்ட்டன் பண்ணை
17 பிப்ரவரி

அக்காவுக்கு,

முதுகு அப்படியேதான் இருக்கிறது. லினெட் நலம், உனக்கு ஆப்பிள் கேக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வழியில் டெனிஸ் பாதியைத் தின்றிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

காவலாளியாம்! உன் காவலாளிகள் ஓடையைத் தாண்டி வந்து என் தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்காமல் நீ பார்த்துக்கொண்டிருக்கிறாயா? போன வருடம் என் முற்றத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். பரிசோதனையில் தேறாத என் பசு ஃபூஷியாவை, நிறைசினையாக இருந்ததால் கசாப்பு லாரியில் ஏற்றக் கூடாது என்று சொல்லி அங்கேயே சுட்டார்கள். அவள் விழுந்த பிறகும் வயிற்றில் கன்று அசைந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். லினெட் ஒரு வாரம் அந்தப் பக்க ஜன்னல் திரையைத் திறக்கவே இல்லை. போன மாதம்தான் என் பண்ணை மறுபடி சுத்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு முறை அதைப் பார்க்க என்னால் ஆகாது.

இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. கம்பெனி வரைபடத்தை விரித்தால் நட்டநடுவில் ஓட்டை மாதிரி உன் பண்ணை ஒன்று மட்டும் கிடக்கிறது. கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த ஓட்டையில் விரலை வைக்கிறார்கள். சொந்த அக்காவையே வழிக்குக் கொண்டுவர முடியாதவன் என்று என் பெயர் கெடுகிறது. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு உண்டு.

ஹெட்லி

ஹயர் க்ளீவ்
6 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

பனி ஒருவழியாகக் கரைய ஆரம்பித்திருக்கிறது. உங்கள் பக்கம் தண்ணீர்க் குழாய் எதுவும் வெடிக்கவில்லையே?

நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், எனவே நிமிர்ந்து உட்கார்ந்து படி. கரண்ட் போய் என் ஃப்ரீசரில் எடுத்து வைத்திருந்த சீம்பால் முழுக்கக் கெட்டுப்போயிருந்த நேரம் பார்த்தா என் பசு ஒன்று கன்று போட்டுவிட்டுச் சாக வேண்டும்! கன்று நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. டெனிஸ் வண்டியும் வரவில்லை. வெட்கத்தை விட்டு லினெட்டுக்குத்தான் போன் செய்தேன், உனக்கு இல்லை. பனியில் ட்ராக்டர் சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால், கேட்டில் சாக்கில் சுற்றி இரண்டு பாட்டில் சீம்பால் இருந்தது, நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தாய்.

கன்று பிழைத்துக்கொண்டாள். டேம்சன் என்று பெயர் வைத்திருக்கிறேன். இப்போதே என் கோட்டுப் பொத்தானைக் கடித்து இழுக்கிறாள், உன் குணம்.

இதற்காகக் கையெழுத்துக் கிடைக்கும் என்று நினைத்துவிடாதே.

அக்கா

பார்ட்டன்
10 மார்ச்

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். குழாய் ஒன்று வெடித்தது, சரிசெய்தாயிற்று.

சீம்பாலுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? இந்தப் பள்ளத்தாக்கில் யார் கன்று கிடையாகக் கிடந்தாலும் கேட்காமலேயே கொண்டுபோய்க் கொடுப்பதுதானே. உனக்குக் கொடுத்தது ப்ரிம்ரோஸுடையது. மஞ்சளாக, கெட்டியாக, என் மந்தையிலேயே அவள் சீம்பால்தான் முதல் தரம். உன் கன்று கொடுத்து வைத்தது.

கையெழுத்தைப் பற்றி மறுபடி யோசி.

ஹெட்லி

ஹயர் க்ளீவ்
22 மே

அன்புத் தம்பிக்கு,

உன் பண்ணையில் பரிசோதனையில் மூன்று மாடு போய்விட்டதாக டெனிஸ் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நமக்குள் ஆயிரம் சண்டை இருக்கலாம், ஆனால் உன் முற்றத்தில் மறுபடி அந்த லாரி வந்து நிற்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எந்த மூன்று? பெயரை எழுது. உன் மாடுகளில் பாதி என் மடியில் வளர்ந்தவை.

இங்கே ஒரு செய்தி. வளைக்கரடிக்குத் தடுப்பூசி போடப் பயிற்சி எடுத்து, உரிமமும் வாங்கிவிட்டேன். சிரிக்காதே. ஒரு வாரம் கூண்டுகளைத் திறந்தபடி வைத்து, உள்ளே நிலக்கடலை போட்டுப் பழக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கதவு விழுகிற மாதிரி வைப்பது. விடியற்காலையில் போய்ப் பார்த்தால் ஒரு பெரியவர் கடலையைத் தின்று முடித்துவிட்டுக் கூண்டுக்குள்ளேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஊசி குத்தினேன், மறுபடி போட்டுவிடாமல் இருக்க முதுகு மயிரைக் கொஞ்சம் கத்தரித்தேன், கதவைத் திறந்தேன். வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார் பாரு, நீ எதிர்த்துப் பேசும்போது பார்க்கிற அதே பார்வை.

கடையில் நேற்று ஒருத்தன், உங்கள் கம்பெனி ஆள்தான், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்ன தெர்சா, கரடிக்கு ஊசி போட்டாச்சு, அடுத்தது தொட்டிலா?" என்றான். "தொட்டில் இருக்குப்பா, உன் அளவுக்குத்தான் கிடைக்கலை" என்று சொல்லிவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று பெயரையும் மறக்காமல் எழுது.

அக்கா

பார்ட்டன்
24 ஜூன்

அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புல் அறுப்பு. வெயில் கொளுத்துகிறது, மழைக்கு அறிகுறியே இல்லை. லினெட்டுக்குச் சளி, இப்போது தேவலை.

அந்தக் கன்று டேம்சன் எப்படி இருக்கிறாள்? நன்றாகத் தின்கிறாளா, இருமல் ஏதாவது உண்டா? மற்றக் கன்றுகளோடு சேர்த்தா வைத்திருக்கிறாய்? தனியாகக் கட்டினால் நல்லது. தாயில்லாத கன்றுகளுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும், ஒன்றிடமிருந்து மற்றதுக்குப் பரவிவிடும். தனியாகக் கட்டு, தனி வாளியில் வை.

வேறு ஒன்றும் இல்லை.

ஹெட்லி

ஹயர் க்ளீவ்
2 ஜூலை

அன்புத் தம்பிக்கு,

லினெட்டுக்கு என் விசாரிப்பு. தேன் கொஞ்சம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்கு என்ன ஆயிற்று? ஒரு பக்கக் கடிதத்தில் முக்கால் பக்கம் ஒரு கன்றின் நலம், கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! காய்ச்சலாக இருக்கும் என்று டெனிஸிடம் விசாரித்தேன், "நல்லாத்தான் இருக்காரு, பேச்சுதான் குறைஞ்சுடுச்சு" என்றான்.

டேம்சன் கொட்டகைக்கே மகாராணி. அவளைத் தனியாகக் கட்டினால் ஊரே கேட்கிற மாதிரி கத்துகிறாள், அதனால் அவிழ்த்துவிட்டேன். இருமல் எதுவும் இல்லை. மேட்டு வயலில் ஊசி போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது. செப்டம்பரில் என் பரிசோதனை. பன்னிரண்டாவது வருடமும் தேறிக் காட்டுகிறேன், அப்போது உங்கள் வரைபடத்தில் இருக்கிற ஓட்டையை எல்லோரும் வந்து பார்க்கட்டும்.

நீ இன்னும் அந்த மூன்று பெயர்களை எழுதவில்லை.

அக்கா

பார்ட்டன்
18 செப்டம்பர்

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை உன் பண்ணையில் ஒன்று தேறவில்லை, மாடு எதுவும் வெளியே போகக் கூடாது என்று பண்ணையை அடைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒன்றோடு போனதே என்று வைத்துக்கொள். லினெட் அழுதாள்.

கம்பெனி ஆட்கள் இங்கே வந்திருந்தார்கள். "பாத்தியா, ஊசி போட்ட கரடியே நோயக் கொடுத்திருச்சு. இப்போ உன் அக்கா என்ன சொல்றா?" என்று கேட்டார்கள். வியாழக்கிழமை காகிதத்தோடு உன் கேட்டுக்கு வருகிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். உன்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெட்லி

ஹயர் க்ளீவ்
9 அக்டோபர்

தம்பி ஹெட்லிக்கு,

நான் நலம். என் மாடுகளும், அடைத்த கேட்டுக்குள் இருந்தாலும், நலம். உன் நலம் நீதான் சொல்ல வேண்டும்.

மூன்று வாரமாக உன் கடிதத்துக்குப் பதிலை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இன்று முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். எந்த மாடு தேறவில்லை என்று நீ கேட்கவில்லை. யார் பண்ணையில் எது போனாலும் பெயர் கேட்காமல் உனக்குத் தூக்கம் வராதே! ஆகவே நானே சொல்கிறேன். டேம்சன்.

செவ்வாய்க்கிழமை எல்லாவற்றுக்கும் கழுத்தில் ஊசி போட்டு, வெள்ளிக்கிழமை மாட்டு டாக்டரம்மா ஊசி போட்ட இடத்து வீக்கத்தை அளக்க வந்தாள். பசுக்கள் எல்லாம் தேறிவிட்டன. கன்றுகளுக்கு வரும்போது நான் பாதி சிரித்துக்கொண்டுதான் நின்றேன். டேம்சன் கழுத்தில் கை வைத்தவள் எடுக்கவில்லை.

"இது மேயப் போச்சா, தெர்சா?"

"இல்லை. இந்த வருஷக் கன்னுங்க எதுவும் கொட்டகையத் தாண்டலை."

"வளைக்கரடி உள்ளே வர வழி இருக்கா?"

"கதவுக்கு அடியில தகரம் அடிச்சிருக்கேன். பூனைகூட வராது."

"கூட இருக்கற கன்னு எதுக்கும் இல்லையே. இதுக்கு மட்டும் எங்கேருந்து வந்தது? என்ன குடிச்சு வளர்ந்தது?"

"பால்தான்" என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது எதுவும் தோன்றவில்லை. லாரியில் ஏற்றும்போது டேம்சன் என் விரலைச் சூப்பிக்கொண்டே நடந்து வந்தாள். பலகையில் ஏறிய பிறகும் விரலை விடவில்லை. நானாகத்தான் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைக்கு முழுக்க அந்தக் கையைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை வந்தீர்கள். ஐந்து பேர் முன்னால், நீ கடைசியில், உன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு. "இப்பவாவது புத்தி வந்துச்சா?" என்று அந்தத் தொட்டில்காரன் கேட்டான். "புத்தி இருக்கறதாலதான் கேட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கறேன்" என்றேன். "உன் கரடிதானே உன் கன்னுக்குக் கொடுத்தது?" என்றான். "தெரியாததை எல்லாம் பேசாதே. கையெழுத்து கிடையாது, போ" என்று பூட்டினேன். எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது. தெரிந்தது போன சனிக்கிழமை, அறுவடை விருந்தில்.

லினெட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் கன்னு போன மாதிரிதான் அண்ணி, மே மாசம் எங்க ப்ரிம்ரோஸ் போனா. நுரையீரல், மடி முழுக்க டி.பி.யாம். அதுலேருந்து இவர் சரியா சாப்பிடறதே இல்லை" என்றாள். பாவம், அவளுக்குப் பாட்டில்கள் எந்தப் பசுவுடையது என்று தெரியாது. நீ மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே இருந்தாய், ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

இப்போது கேள். அந்த மண்டபத்தில் உங்கள் கம்பெனி மொத்தமும் இருந்தது. எழுந்து நின்று, நோய் வந்தது கரடியிடமிருந்து இல்லை, ஹெட்லி கொடுத்த சீம்பாலிலிருந்து என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தொட்டில்காரன் வாய் அடைத்துப்போயிருக்கும். நான் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற என்று நினைத்துக்கொள்ளாதே. சொல்லியிருந்தால், அடுத்த பனியில் இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் கன்றுக்கு ஒருவர் சீம்பால் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். அந்தப் பழக்கம் சாக நான் காரணமாக மாட்டேன். கடையில் ஒரு அடுப்பு வாங்கியிருக்கிறேன். இனி சீம்பால் யார் கொடுத்தாலும், எனதே ஆனாலும், கிருமி சாக அறுபது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துத்தான் கன்றுக்கு. டாக்டரம்மா சொன்ன முறை. எல்லோருக்கும் சொல்லப்போகிறேன், காரணம் சொல்ல மாட்டேன்.

மார்ச்சில் நீ பாட்டிலைக் கொண்டுவந்தபோது உனக்குத் தெரியாது. அதில் உன் மேல் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை. முதுகுவலியோடு பனியில் வந்தாய். ஆனால் மே மாதம் தெரிந்தது. ஜூனில் தனி வாளியில் வை என்று எழுதத் தெரிந்தவனுக்கு, ஏன் என்று எழுதக் கை வரவில்லை. அதையும் பொறுத்துக்கொள்வேன். பழியை என் மேட்டு வயல் மேல் போட வந்த ஐந்து பேரோடு ஆறாவதாக வந்து நின்றாய் பாரு, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ப்ரிம்ரோஸுக்கு எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கலாம். ஏதோ ஒரு கரடியிடமிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். வரும் என்பதால்தானே ஊசி போடுகிறேன். அடுத்த மே மாதமும் போடுவேன், அதற்கடுத்த வருடமும். என் கையெழுத்து உங்களுக்கு என் சாவுக்குப் பிறகும் கிடைக்காது, உயிலில் எழுதி வைக்கிறேன்.

இதற்கு மன்னிப்புக் கேட்டு எழுதாதே. எழுதினால் படிக்காமல் அடுப்பில் போடுவேன்.

உன் அக்கா,
தெர்சா

பார்ட்டன்
25 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். முதுகு பரவாயில்லை. லினெட்டிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறாள். உன் பண்ணை முதல் மறுபரிசோதனையில் தேறியதாக டெனிஸ் சொன்னான். இன்னொன்று தேறினால் கேட்டைத் திறந்துவிடுவார்கள்.

நீ கேட்காதே என்றதைக் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் கம்பெனிக்குப் போய் என் கையெழுத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "கொடுத்த கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியாது ஹெட்லி" என்றார்கள். "சரி, என் கேட்டைப் பூட்ட முடியுமில்ல?" என்றேன். தொட்டில்காரன் சிரித்தான். "என்னய்யா, அக்காவுக்குப் பயந்துட்டியா?" "ஆமா. நீ அவகூடப் பொறந்து வளர்ந்திருந்தா உனக்கும் தெரியும்" என்றேன். வரைபடத்தில் இப்போது ஓட்டை பெரிதாகிவிட்டது. ஓடைக்கு இரண்டு பக்கமும்.

நீ சொல்வது சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. உன் ஊசியால் என்ன ஆகும் என்று ஐந்து வருடம் கழித்துப் பார்ப்போம். ஃபூஷியாவை நான் மறக்கமாட்டேன். ஆனால் என் கிழக்கு வேலிக்கு அடியிலும் ஒரு வளை இருக்கிறது, உனக்கே தெரியும். டெனிஸ் வண்டியில் ஒரு மூட்டை நிலக்கடலை வருகிறது. அவனைத் தின்னவிடாமல் இறக்கிக்கொள்.

மே மாதம் கூண்டுகளை எடுத்துக்கொண்டு வா. ஓடைப்பக்கச் சந்து வழியாக, யாருக்கும் தெரியாமல் வர வேண்டாம். ஊர் நடுவே கடைக்கு முன்னால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வா. எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல். ஏன் என்று கேட்டால் டேம்சன் பெயரைச் சொல், மிச்சத்தை நான் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி
ஹெட்லி